கயிற்றின் கனம்

என் தங்கை புருஷன் நீல கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு மரம் ஏறிக் கிளை வெட்டுவான். எனக்கு உயரம் என்றாலே தலை சுற்றும். கீழே நின்று அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்வேன். கயிறு மேலே கிளை பிரியும் ஒரு கவட்டையில் ஏறித் திரும்பி என் கைக்கு வரும். "அவர் உயிர் உன் கையில இருக்குண்ணே, பராக்குப் பாக்காதே" என்று தங்கை தினமும் சொல்லி அனுப்புவாள்.

அன்று ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புறம் மதிலை ஒட்டிப் பெரிய மரம். இலை அடர்த்தியில் ஆளே தெரியவில்லை. ரம்பச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. திடீரென்று கயிறு கனத்தது. கால் வழுக்கித் தொங்குகிறான் என்று நினைத்து, கயிற்றை அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்தேன்.

"மாப்ளே! என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மச்சான். விட்டுடாதே" என்று மேலிருந்து அவன் குரல் வந்தது.

"யாருகூட பேசிட்டிருக்கே?" என்று முதுகுப் பக்கமிருந்து கேட்டது.

திரும்பினேன். மாப்பிள்ளை என் பின்னால் ரம்பத்தோடு நின்றிருந்தான்.

"ரம்பம் மக்கர் பண்ணுது. கயிறைக் கழட்டிட்டு மதில் வழியா இறங்கி வந்தேன்."

அவன் இடுப்புப் பட்டையில் கொக்கி வெறுமனே தொங்கியது. என் கையில் கயிறு முறுக்கேறி நடுங்கியது.

"மச்சான், இடுப்பு அறுக்குது. மெதுவா இறக்கு" என்றது மேலே இருந்த குரல்.

மாப்பிள்ளையின் முகம் வெளிறிப்போனது. "கயிறை விட்டுடு மச்சான்" என்று முணுமுணுத்தான்.

"விட்டா விழுந்துடுவானே."

"யாரு?"

கயிற்றை விட மனசு வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றைத் தளர்த்தினேன். இலைகளை விலக்கிக்கொண்டு முதலில் இரண்டு நீல நிற கேன்வாஸ் ஷூக்கள் இறங்கின.

மாப்பிள்ளை குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டான்.