சங்கத்தின் மானம்

"இந்தக் கோலத்துல இங்க உட்காரக் கூடாதுன்னு காலையிலயே சொன்னேனா, இல்லையா?"

பால்டிக் கடற்கரைச் சங்கத்தின் தலைவர் டெட்லெஃப் போட்ட சத்தத்தில், கூடை நாற்காலிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் உடம்பு. அது எப்படி இருக்கணும்னு சொல்ல நீங்க யாரு?"

"குடும்பத்தோட வர்ற இடம் இது. எல்லாரும் உங்களையே பாக்கறாங்க. 'அந்தம்மா ஏன் அப்படி இருக்காங்க'ன்னு பிள்ளைங்க கேக்குதுங்க. சங்கத்து மானமே போகுது!"

"இருபது வருஷமா வர்றேன். போன வருஷம்தான் வரல. இந்த ஒரு தடவை விட்டுட்டா குடியா முழுகிடும்?"

"இன்னிக்கு உங்களை விட்டா, நாளைக்கு இன்னொருத்தர் வருவார். நம்ம கொள்கை என்ன? உடம்பு எப்படி இருந்தாலும் வெட்கப்படாம ஏத்துக்கணும். நான் இல்லையா?" அந்த நிர்வாணக் கடற்கரையில் மற்ற எல்லாரையும் போல ஒட்டுத்துணிகூட இல்லாமல் நின்றிருந்த டெட்லெஃப், தன் தொந்தியைத் தட்டிக் காட்டினார். "ஒண்ணு, அந்த நீச்சலுடையைக் கழட்டுங்க. இல்லேன்னா வெளிய போங்க."

மார்லிஸ் எழுந்தாள். விடுவிடுவென்று கழற்றினாள். இடது மார்பு இருந்த இடத்தில் அறுவை சிகிச்சைத் தழும்பு நீளமாக ஓடியது.

டெட்லெஃப் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயோ, எனக்குத் தெரியாதுங்க. பரவாயில்ல, போட்டுக்குங்க."

"ஏன், பாக்க முடியலையா?" நீச்சலுடையை அவர் கையிலேயே திணித்தாள் மார்லிஸ். "நீங்க போட்டுக்குங்க. வெட்கம் இப்போ உங்களுக்குத்தான்."