கரடிக்கு ஏற்ற துவக்கு

கடல் கடந்து வந்து டூங்கபிப் புறநகரில் குடியேறியிருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் கரடி என்றாலே நல்லைநாதன்தான். முல்லைத்தீவுக் காட்டில் நில அளவை வேலை பார்த்தபோது கரடியைத் துவக்கால் சுட்டு விரட்டிய கதையை அவர் சொல்லாத பிறந்தநாள் வீடு கிடையாது. அதனால், 1975இல் அலாஸ்காவில் எண்ணெய்க் குழாய் பதிக்கும் வேலை கிடைத்த தயாபரன், துவக்குப் படங்கள் நிறைந்த புத்தகத்தோடு நேரே அவரிடம்தான் வந்தான்.

"அங்க காடு முழுக்கக் கரடியாம், அங்கிள். இடுப்பில கட்டுறதுக்கு எது நல்லது?"

"பெரிய றிவோல்வரா எடும், தம்பி. கரடி கிட்ட வரும்வரை பொறுத்து நெஞ்சில சுடவேணும். கை நடுங்கக் கூடாது."

"இவருக்கு நடுங்கேல்லை," என்றாள் தேநீர் கொண்டுவந்த மனைவி கமலினி, பெருமையாக.

தயாபரன் குறித்துக்கொண்டான். "எங்கட பெரியண்ணைதான் உங்களிட்டக் கேட்கச் சொல்லி ஊரிலயிருந்து எழுதினவர். அந்தக் காட்டில உங்களோட வேலை செய்தவராம். கரடி கீறி ஒரு கண் போனவர்."

நல்லைநாதன் குடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்தார்.

"இன்னுமொரு கேள்வியும் எழுதியிருக்கிறார். எனக்கு விளங்கேல்லை. துவக்கோட மரத்தில ஏறலாமோ எண்டு கேட்கட்டாம்."

கமலினி கணவனைப் பார்த்தாள். அவர் புத்தகத்தை மெல்ல மூடினார்.

"ஏறலாம், தம்பி," என்றார் தலை நிமிராமலே. "ஒரு வெடியும் வைக்காமல் ஏறலாம். கீழ உம்மட அண்ணன் என்ர பேரைச் சொல்லிக் கத்தக் கத்த ஏறலாம்."