வளைந்த மூக்கு

எலிசேயோ அந்த மூக்கை உடைத்துவிடுவது என்று முடிவு செய்தபோது, எதிரே முக்காலியில் இருந்த ஒல்மேதோ கண்களை மூடிக்கொண்டான். நேரான, குறை சொல்ல முடியாத மூக்கு. வளைந்த உளியை அதன் தண்டில் வைத்து உள்ளங்கையால் அழுத்த, சிவப்புத் தேவதாரு மரம் சுருளாக உரிந்து எலிசேயோவின் மடியில் விழுந்தது.

பலகை உள்ளங்கை அகலம்தான். முகம் அதிலிருந்து ஒரு சோளமணி உயரத்துக்கு மேல் எழும்பக் கூடாது. அதற்குள் நெற்றி, கன்னம், உதடு எல்லாம் வந்தாக வேண்டும். மூக்கை முதலில் நிறுத்திவிட்டுத்தான் எலிசேயோ மற்றதையெல்லாம் தாழ்த்துவான். அதனால் பொய்யையும் மூக்கிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

கேட்டவள் சொய்லா அம்மாள். ஒன்பது வருஷத்துக்கு முன் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போனவள். முந்தின வாரம் ஒல்மேதோவின் தோளைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்து, இவன் முகத்தை மரத்தில் செதுக்கித் தா, விரலால் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மரச்சிற்பிகள் ஊரான சான் அந்தோனியோவில் வீட்டுக்கு வீடு உளிச் சத்தம் கேட்கும். அன்று அந்தப் பட்டறையில் மட்டும் சட்டென்று நின்றுபோனது.

காரணம், ஒல்மேதோ அவள் மகனே இல்லை.

மகன் ரெமிஹியோ, அவள் கண் பறிபோகும் முன்பே வடக்கே வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவன். ஆண்டுக்கு ஒரு தடவை போன் வந்தால் பெரிது. அங்கே கூரை வேலையில் கால் தவறி விழுந்து செத்துப்போனான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒல்மேதோ, செய்தியையும் அவனுடைய சட்டைகளையும் சுமந்துகொண்டு இரண்டு வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்தான்.

வாசலில் நின்றவனுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. காலடிச் சத்தம் கேட்டு, ரெமிஹியோவா என்று அவளே கேட்டாள். ஆமாம்மா என்றுவிட்டான்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தவன், மறுநாள் அவளுக்கு ஊசி போட்டான். அதற்கு மறுநாள் கூரையில் ஓடு மாற்றினான். அப்படியே தங்கிவிட்டான். குரல் ஏன் இப்படிக் கட்டியிருக்கிறது என்று அவள் விசாரித்ததற்கு, அங்கத்திக் குளிர் என்றான். தெரு முழுக்க விஷயம் தெரியும், பாதிரியார் உட்பட. ஒருவரும் மூச்சு விடவில்லை.

அவள் போனபின், அடுத்த மேசையில் இருந்த லாரோ, "எந்த மூஞ்சியைச் செதுக்கப் போறேன்னு முதல்ல முடிவு பண்ணிக்க," என்று இடித்தான். எலிசேயோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ரெமிஹியோவின் முகத்தையே செதுக்கச் சொல்லிக் கெஞ்சியவன் ஒல்மேதோதான். அந்த முகம் எலிசேயோவைவிட நன்றாக வேறு யாருக்குத் தெரியும்? பதினாறு வயதில் கைப்பந்து ஆடும்போது ரெமிஹியோவின் மூக்கை இடப்பக்கம் வளைத்ததே இவன் முழங்கைதான்.

"நாளைக்கே அவங்க உன் மூஞ்சியைத் தடவிப் பாத்தா?" என்றான் எலிசேயோ.

"ரெண்டு வருஷமாத் தடவலையேண்ணே. கையைப் புடிப்பாங்க, முதுகைத் தட்டுவாங்க. மூஞ்சிப் பக்கம் கை வந்ததே இல்ல."

"இது ரெண்டாவது பொய்டா."

"மொதப் பொய்யையே நான் யோசிச்சுச் சொல்லலண்ணே. இப்ப உண்மையைச் சொன்னா, அந்த வீட்டுல எனக்கு என்ன வேலை?"

எலிசேயோ உளியை எடுத்துக்கொண்டான்.

நாலு நாள் ஆயிற்று. புனிதர்களைச் செதுக்கும்போது இந்த உபத்திரவம் இல்லை. அவர்களை யாரும் பார்த்ததில்லை. இங்கே மரத்தைச் சீவச் சீவ, செத்துப்போன சிநேகிதன் மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தான். மனைவி வறுத்துக் கொடுத்த சோளம் மேசையோரத்தில் அப்படியே ஆறிக் கிடந்தது.

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தானே கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். வளைவு வந்ததும் விரலை எடுத்துவிட்டான். நண்பனின் சாவுக்கு இதுவரை அவன் அழுததில்லை. ரகசியம் கெட்டுவிடும் என்று ஊரே அழாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பலகையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனான். ஒல்மேதோ அவனை நேரே பார்க்காமல், காப்பி போடுவதாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் நழுவினான். கோப்பைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கூடம்வரை கேட்டது.

சொய்லா அம்மாள் பலகையை மடியில் வைத்து, கட்டைவிரலை நெற்றியில் தொடங்கி மெல்ல இறக்கினாள். மூக்கின் வளைவில் விரல் நின்றது. மேலே போய், மறுபடி இறங்கி, மறுபடி அங்கேயே நின்றது.

பிறகு அந்த மரமுகம் முழுவதையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். கன்னத்தில் ஈரம் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"அச்சு அசலா என் புள்ளதான்," என்றாள்.

எலிசேயோ துணியை மடித்துக்கொண்டான். எழுந்து கிளம்பப் போனவனின் சட்டைக் கையைப் பிடித்து அவள் அருகே இழுத்தாள். மடியிலிருந்த பலகையைத் தொட்டு, அடுப்படிக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"இவன் முகம் எனக்கு மறந்தா போச்சு? உள்ள காப்பி போடுறானே, அவன் முகத்தைத்தான் கேட்டேன்."