இருசம்மாளின் நெரை

வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் மலாக்கா சிறையின் பெண்கள் பக்கத்துச் சாவி என்னிடம்தான் இருந்தது. காட்டில் இருந்தவர்களுக்காகக் கம்பி வேலிக்கு வெளியே அரிசி கொண்டுபோனதாகப் பிடிபட்ட ரப்பர் தோட்டத்துப் பெண்கள்தான் அங்கே பாதிப்பேர். சுங்கை ரம்பாய்த் தோட்டத்தில் ஒரு நெரை, அதாவது ஒரு வரிசை மரங்களைச் சீவிப் பால் எடுத்துவந்த இருசம்மாளும் அப்படி வந்தவள்.

விடிந்ததும் அவள் அறையைத் திறப்பேன். விரல்களில் புதிதாய் ஒட்டிய ரப்பர் பாலை உரித்து உருட்டிக்கொண்டிருப்பாள். சிறைக்குள் ஏது ரப்பர் பால் என்று அறையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஒரு நாள் அவள் புருஷன் மருதமுத்து பார்க்க வந்தான். நான் காவலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

“உன் நெரையில யாரோ தினமும் விடியுமுன்ன மரம் சீவிடறாங்க புள்ள. மரத்துல கட்டின மங்கெல்லாம் பால் நிறைஞ்சு கெடக்கு. காட்டுல ஒளிஞ்சிருக்கறவங்க வேலைன்னு கங்காணி சொல்லிட்டாரு. இன்னிக்கு ராத்திரி பட்டாளம் துப்பாக்கியோட அங்க பதுங்கப் போவுது.”

இருசம்மாள் விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பூட்டும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“இன்னிக்கு ஒரு நாள் போவாதடி.”

“எங்கக்கா போறது? சாவி ஒங்க இடுப்புலதான இருக்கு” என்று சிரித்தாள்.

காலையில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தேன். அவளைக் காணோம். அவள் பாயின் மேல் ஒரு பால் வாளி இருந்தது. அதன் நடுவில் தோட்டா துளைத்த ஓட்டை. அதன் வழியாகப் பால் இன்னும் பாயில் சொட்டிக்கொண்டிருந்தது.