வாட்ஸ்அப் மட்டும்

குருநகரிலிருந்து வந்த எமில்ராஜ், மகளின் போனை நீட்டினார்.

"பிள்ளை, இதுக்கு வாட்ஸ்அப் மட்டும் வேலை செய்யிற பக்கேஜைப் போட்டுவிடுங்கோ."

போன் கம்பனி அலுவலகத்தில் இருந்த கீர்த்திகா, "ஐயா, உதிலை வேறை ஒண்டும் திறக்காது. அதே விலைக்கு எல்லாம் திறக்கிற பக்கேஜும் இருக்கு" என்றாள்.

"எல்லாம் திறக்க வேண்டாம்."

"கூகிளுமோ?"

"அதுதான் முக்கியமா வேண்டாம்."

"மகள் படிக்கிறாவோ?"

"ஓம், கம்பஸிலை."

பெண்பிள்ளைகளைப் பூட்டி வைக்கும் தகப்பன்மாரைக் கண்டாலே கீர்த்திகாவுக்குக் கோபம் வரும். "அவவும் நாலு விசயம் அறியட்டுமே, ஐயா!"

எமில்ராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"காலமை டொக்டர் அவளுக்கு வருத்தத்தின்ரை பேரைச் சொல்லிப்போட்டார், பிள்ளை. எவ்வளவு நாள் எண்டதை எனக்கு மட்டும்தான் சொன்னவர். பேரைக் கூகிளிலை போட்டா, அது மிச்சத்தையும் சொல்லிப்போடும்."

கீர்த்திகா போனை வாங்கிக்கொண்டாள்.