ரெண்டு தட்டு

ஆரின் ஹாக்லண்டின் முகத்துக்கு நேரே, உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளும் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பைக் ஓட்டுகிறவர்களுக்குக் கண்ணாடி கொடுக்கும்போது நான் இப்படித்தான் செய்வேன். கடைக்குள் உட்கார்ந்து பார்த்தால் எல்லா ஃபிரேமும் பொருந்தத்தான் செய்யும். அறுபது மைல் வேகத்தில்தான் அதன் லட்சணம் தெரியும்.

அதனால் கடைக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்தில், அவரை அவருடைய பைக்கிலேயே உட்காரவைத்திருந்தேன். தலையில் ஹெல்மெட், கண்ணில் புதுக் கண்ணாடி, கையில் கையுறை. குறை ஒன்றுதான், சாவி இல்லை. பைக்கை மகள் சோல்வே டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். சாவி அவள் கோட்டுப் பையில் இருந்தது.

பனி உருகிப் பிளாக் ஹில்ஸ் மலைப்பாதைகள் திறந்த முதல் வாரமே, ஆரின் ஒரு ஸ்டாப் பலகையைப் பார்க்காமல் போய்ப் பால் லாரியின் மூக்குக்கு முன்னால் நின்றிருக்கிறார். அன்றிலிருந்து சோல்வே ஒரே பிடி. இந்தக் கண்ணாடி சரிப்பட்டால் சாவி, இல்லாவிட்டால் பைக்கை விற்றுவிடுவது. அவளையும் குறை சொல்வதற்கில்லை. ஜனவரியில் அம்மா மார்லிஸைப் புதைத்தவள். அதே வருஷத்தில் இன்னொரு குழி வேண்டாம் என்று நினைத்தாள்.

வீட்டில் போடும் கண்ணாடியோடு ஓட்டிப் பார்த்தாயிற்று. ஓரத்தில் காற்று புகுந்து, கண்ணில் நீர் கொட்டி, ரோடே கலங்கிப்போனது. அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டிப் பார்த்தால் ஆவி படிந்தது. நான் வரவழைத்தது வேறு மாதிரி. அவர் பவரைப் போட்டு, காற்று நுழையாமல் உள்பக்கம் சுற்றிலும் பஞ்சு வைத்தது.

பவர் மைனஸ் மூன்று. டாக்டர் எழுதிக் கொடுத்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. ஒரே குளிர்காலத்தில் யாருக்கும் கண் இவ்வளவு கெடாது.

"போன கோடை வரைக்கும் எனக்கு எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுதும்மா," என்று சாதித்தார் ஆரின்.

கிழவர் அளக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மிஷினை முழு வேகத்தில் வைத்து அடித்தேன். தாடி ரெண்டாகப் பிளந்து தோளுக்குப் பறந்தது. கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. டிரக்கில் சாய்ந்து நின்ற சோல்வேயின் கை மெல்லக் கோட்டுப் பைக்குள் போவதைப் பார்த்தேன். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அடுத்தது பக்கவாட்டு. காற்று திருட்டுத்தனமாக நுழைவது அங்கேதான். அவருக்குப் பின்னால் போய் நின்றேன். சைலன்சர் சத்தத்தில் அவர் காது பாதி போய்விட்டது, மீதியை ஹெல்மெட் மூடியிருந்தது. எனவே தலையைத் திருப்பச் சொல்லி இடது தோளில் ஒரு தட்டு தட்டினேன்.

தலை திரும்பவில்லை. ஹாண்டில்பார் இடப்பக்கம் திரும்பியது.

வலது தோளில் தட்டினேன். ஹாண்டில்பார் வலப்பக்கம் வந்தது.

விளையாடுகிற நேரமா இது என்று எனக்கு எரிச்சல். முதுகின் நடுவில் ரெண்டு தட்டு, கொஞ்சம் பலமாகவே வைத்தேன்.

ஓடாத வண்டியில் சடாரென்று பிரேக்கை இறுக்கி, உடம்பைத் தாழ்த்திக் குனிந்தார்.

பதறிப்போய் முன்னால் ஓடினேன். அவர் ரொம்ப மெதுவாகத்தான் நிமிர்ந்தார்.

"ரெண்டு தட்டுன்னா மான்," என்றார். "குறுக்க வருதுன்னு அர்த்தம்."

சோல்வே டிரக்கை விட்டு நகர்ந்து வந்தாள். யார் சொன்ன அர்த்தம் அது என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் கண் பைக்கின் பின்சீட்டுக்குப் போய்விட்டது. மார்லிஸ் விரித்த ஆட்டுத்தோல் அங்கே இன்னும் அப்படியே இருந்தது.

அவர் விட்டுவிட்டுச் சொன்னார். இடது தோள் என்றால் இடது வளைவு. வலது தோள், வலது. உள்ளங்கையை முதுகில் அழுத்தினால் ஸ்டாப் பலகை. எத்தனையோ கோடையாக இப்படித்தான். மகளுக்குத் தெரிந்தால் பைக்கைப் பிடுங்கிவிடுவாள் என்று மார்லிஸ் மூச்சுவிடவில்லை.

அவள் சும்மா அவரைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். வண்டியைப் பாதி ஓட்டியதே அவள்தான்.

சொல்லி முடித்தபோது ஆரினின் கண்ணாடிக்குள் நீர் கோத்துக்கொண்டது. வெளியே வர வழியில்லாமல் பஞ்சின் ஓரத்தில் தேங்கி நின்றது.

சோல்வேயின் முகம் மாறியது. பையிலிருந்து வெளியே வந்த கை சாவியை இறுக்கிக்கொண்டது.

"கண்ணு கலங்குதேப்பா. காத்து உள்ள போகுதா?"

"ஆமா," என்றார் ஆரின். "காத்துதான்."

அந்த ஒரு வார்த்தையில் பைக் போய்விடும் என்றுகூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. அழுதேன் என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்திருக்கிறது.

சோல்வே என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

ஊதும் மிஷின் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் போய்த் தோளைத் தட்டுவதற்கு முன்பே அதை அணைத்திருந்தேன். அன்று மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

அவள் குனிந்து அப்பாவின் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையில் சாவியை வைத்து மூடினாள்.

"ஆமாப்பா," என்றாள். "பயங்கரக் காத்து."