உலகிலேயே ஒன்றே ஒன்று

பழம்பொருள் சேர்க்கும் தணிகாசலத்தின் ஆல்பத்துக்குள் ஒரு பங்குப் பத்திரம் குடியிருந்தது. ஊமைப்படக் காலத்தில் புரொஜெக்டர் செய்து நொடித்துப்போன கம்பெனியின் பத்திரம். நெற்றியில் புரொஜெக்டர் படம், காலடியில் சிவப்பு முத்திரை. பெருமையில் அதற்குத் தலைகால் புரியாது. காகிதம் தின்ன ஓரத்தில் எட்டிப்பார்க்கும் இராமபாணப் பூச்சியை, "சீ, தள்ளிப் போ! நான் அபூர்வம்," என்று விரட்டிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் தணிகாசலம் இன்னொரு பத்திரத்தை எங்கேயோ தேடிப்பிடித்துக் கொண்டுவந்து எதிர்ப்பக்கத்தில் வைத்தார். அதே கம்பெனி, அதே புரொஜெக்டர்.

"அண்ணே, நீயா? நம்ம ஆளுங்க எல்லாரும் அடுப்புக்கும் பொட்டலத்துக்கும் போய்ட்டாங்கன்னு நினைச்சேன்!" என்று புதிதாக வந்தது விம்மியது.

"மிச்சம் நாம ரெண்டு பேர்தான் தம்பி," என்றது மூத்தது. "இனிமே பயமில்ல. கையுறை இல்லாம இவர் நம்மைத் தொடவே மாட்டார்."

சொன்னபடியே அவர் கையுறையோடு வந்தார். இரண்டையும் பூதக்கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்தார். தம்பியின் மூலையில் ஒரு மடிப்பு இருந்தது.

"ரெண்டு இருந்தா ஒன்னுக்கும் மதிப்பில்ல," என்று முணுமுணுத்தபடி தம்பியைப் பதமாக உருவி எடுத்து, தீக்குச்சியைக் கிழித்தார்.

"அண்ணே!" என்ற குரல் கருகி அடங்கியது. அவர் சாம்பலை ஊதிவிட்டு, அண்ணனுக்குக் கீழே 'உலகிலேயே ஒன்றே ஒன்று' என்று அழகாக எழுதி ஒட்டினார்.

அவர் ஆல்பத்தை மூடியதும் பூச்சி வழக்கம்போல எட்டிப்பார்த்தது. பத்திரம் விரட்டவில்லை.

"வா," என்றது. "முதல்ல அவர் எழுதி ஒட்டினதைத் தின்னு. அப்புறம் என்னை."